அரைக் கட்டைப் பிழை

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா எந்தக் கட்டையில் பாடினார்?

தமிழ் நாடக இசையைப் பற்றிப் பேசும் எவரும் கிட்டப்பாவின் உச்சஸ்தாயியைக் குறிப்பிடாமல் மேலே செல்வதில்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை மனிதனுக்கும் கேட்கவேண்டும் என்பதால் அக்கால நடிகர்கள் உயர்ந்த சுருதியில் பாடினார்கள், மைக் வந்த பிறகு ஆண்குரலின் சுருதி இறங்கியது என்பது நமது இசை வரலாற்றில் நிலைபெற்றுவிட்ட கூற்று. இக்கூற்று பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இதற்கு நம்மிடம் எஞ்சியிருக்கும் நேரடிச் சான்று எது என்று கேட்டுப் பார்க்கவேண்டும். 1906இல் பிறந்த கிட்டப்பா 1933இல் மறைந்தார். திரைப்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. எஞ்சியிருப்பவை அரக்கால் ஆன இசைத்தட்டுகள் மட்டுமே. அத்தட்டுகள் என்ன சொல்கின்றன என்பது, அவற்றை எவ்வளவு வேகத்தில் சுழற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. அதாவது ஓர் இசை வரலாற்றுக் கேள்விக்கான விடை, மேசைமேல் சுழலும் ஓர் இயந்திரத்தின் நேர்மையைச் சார்ந்து நிற்கிறது.

ஏட்டுச்சுவடிகளிலிருந்து நூல் பதிப்பிக்கும் மரபில் வளர்ந்த நமக்குப் பாடபேதம் என்பது பழகிய சொல். ஏடெழுதுபவர் ஓரெழுத்தை மாற்றினால் பொருள் மாறும். பல சுவடிகளை ஒப்பிட்டு மூலத்தை அணுகுவது பதிப்பாசிரியரின் கடமை. இசைத்தட்டிலும் பாடபேதம் உண்டு என்பதைத்தான் நாம் இன்னும் உணரவில்லை.

மதுரையிலிருந்து தொடங்குவது இவ்வரலாற்றுக்குப் பொருத்தமானது. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரை தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக நாடகம் பயின்றது அங்கேதான். நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொண்டு சென்ற பாடல்களைக் கிராமபோன் நிறுவனங்கள் தட்டில் அடைத்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொடங்கிய தட்டுத் தொழிற்சாலையும், 1928இல் டம்டம்மில் எழுந்த பெரிய தொழிற்சாலையும் இந்தியக் குரல்களை இந்தியாவிலேயே அச்சடித்துத் தந்தன. காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் தட்டுகளை விற்றதும் இந்த அலையின் ஒரு பகுதி. 1916இல் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, தாயார் சண்முகவடிவின் வீணையுடன் முதல் தட்டைப் பாடியபோது அவருக்குப் பத்து வயதளவில்தான் இருக்கும்.

அந்தக் குழந்தைக் குரலை இன்று கேட்க விரும்புகிறவர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். தட்டைச் சற்று விரைவாகச் சுழற்றினால் பத்து வயதுக் குழந்தைக்கு எட்டு வயதாகிவிடும், சற்று மெதுவாகச் சுழற்றினால் பதினைந்தாகிவிடும்.

கணக்கு எளிது. நிமிடத்திற்கு 78 சுற்றில் பதிவான தட்டை 74 சுற்றில் ஓட்டினால் வேகம் சுமார் 5 விழுக்காடு குறைகிறது. ஒரு சுரத்தானத்திற்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஏறத்தாழ 6 விழுக்காடு. ஆகவே நான்கு சுற்றுப் பிழை என்பது ஏறக்குறைய ஒரு சுரத்தானப் பிழை. கட்டைக் கணக்கில் சொன்னால், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே அரை இல்லை என்ற விலக்கைத் தவிர்த்து, பெரும்பாலும் அரைக் கட்டை. ஐந்தரைக் கட்டையில் பாடியவர் ஐந்து கட்டைக்கு இறங்கிவிடுவார். மூன்று நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் பத்து விநாடி ஓடும். சுருதி மட்டுமல்ல, காலப்பிரமாணமும் பிருகாக்களின் விறுவிறுப்பும் சேர்ந்தே மாறும்.

இத்தகைய பிழை எப்படி நேர்கிறது? முதலாவது, பதிவின்போதே. 78 என்ற எண் தொடக்கத்திலிருந்தே இருந்த விதி அன்று. மெழுகுத் தட்டில் ஒலியைப் பதித்த ஆரம்ப கால இயந்திரங்கள் எடைக்கல் இறங்கும் விசையால் சுழன்றன. வேகத்தைப் பதிவாளரே சரிசெய்துகொண்டார். எழுபது சுற்றை ஒட்டியும் எண்பதைத் தாண்டியும் பதிவுகள் உண்டு. மின்மோட்டார்கள் வந்த பின்னரே வேகம் நிலைபெற்றது. அப்போதும் 60 சுழற்சி மின்சாரம் உள்ள நாட்டில் 78.26 என்றும், 50 சுழற்சி உள்ள நாட்டில் 77.92 என்றும்தான் கணக்கு நின்றது. தட்டின் உறையில் 78 என்று அச்சிட்டிருப்பதை, பழைய நூலின் முகப்பில் உள்ள பதிப்பாண்டைப் போல, சற்று ஐயத்துடனேயே வாசிக்கவேண்டும்.

இரண்டாவது, ஓட்டும்போது. சாவி கொடுத்து ஓட்டிய கிராமபோன் பெட்டியில் சுருள்வில்தான் விசை. மூன்று குண்டுகள் கொண்ட ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வேகத்தை ஒரு நிலையில் பிடித்து வைக்க முயலும். வில் தளர்ந்தால் குரல் கனத்து, இழுபட்டு, ஒப்பாரியாகிவிடும். கவனமுள்ளவர்கள் தட்டின் கீழே ஒரு காகிதத் துண்டைச் செருகி, அது நிமிடத்திற்கு எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணி நெம்புகோலைத் திருகினார்கள். மற்றவர்கள் காதுக்கு இதமாக இருந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

பின்னர் மின்சாரம் வந்தது. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில், மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும், இசைத்தட்டு என்பது வீட்டுப்பொருளாக இருந்ததைவிட ஊர்ப்பொருளாகவே இருந்தது. ரேடியோ செட்காரர் கூம்புக் குழாயை வேப்பமரத்தில் கட்டிவிட்டால், காதுகுத்தும் திருமணமும் பொங்கலும் ஊர் முழுவதற்கும் உரியனவாகிவிடும். 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தின் உரையாடலைத் தட்டிலேயே கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் அநேகர். திருவிழா மேடையில் தட்டுப்பாட்டுக்கு ஆடிய ஆட்டம் 'ரெக்கார்டு டான்ஸ்' என்றே பெயர் பெற்றது. தட்டுகள் மறைந்து பல்லாண்டுகள் ஆனபின்னும் அச்சொல் வாழ்ந்தது.

அக்காலச் சாதனங்களில் பல, மோட்டாரின் சுழற்சியை ஒரு ரப்பர்ச் சக்கரத்தின் வழியே தட்டுக்குக் கடத்தின. மின்னழுத்தம் குறைந்தால் அத்தகைய எளிய மோட்டார்களின் வேகமும் சரியும். கிணற்று மோட்டார்கள் ஒருசேர ஓடும் நேரத்தில் விளக்கு மங்கிய ஊர்களில் பாட்டும் மங்கியது என்பதில் வியப்பில்லை. கையடக்கப் பெட்டியான எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்றவை மின்கலத்தில் ஓடின. மின்கலம் தளர்ந்தால் அங்கும் அதே கதைதான். ஆக, நமது தந்தையர் தலைமுறை இசைத்தட்டுகளை நெஞ்சாரக் கேட்டது. ஆனால் ஒரே சுருதியில் இருமுறை கேட்டதா என்பது ஐயமே.

இந்த இடத்தில்தான் ஜப்பானில் செய்யப்பட்ட ஓர் இயந்திரம் நமது கதைக்குள் வருகிறது. மாட்சுஷிட்டா நிறுவனத்தில் ஷூயிச்சி ஒபாட்டா என்ற பொறியாளரின் தலைமையில் உருவாகி, 1970இல் டெக்னிக்ஸ் என்ற பெயரில் எஸ்பி-10 சந்தைக்கு வந்தது. நேரடி இயக்கம், அதாவது டைரக்ட் டிரைவ் முறையில் அமைந்த முதல் டர்ன்டேபிள் அதுவே. கருத்து மிக எளியது. வேகமாகச் சுழலும் மோட்டாரை வைத்து, பட்டையாலோ ரப்பர்ச் சக்கரத்தாலோ வேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாக, மோட்டாரையே நிமிடத்திற்கு 33⅓ சுற்றில் சுழலச் செய்துவிட்டார்கள். 1972இல் வந்த எஸ்எல்-1200 வரிசையில் 1979இல் வெளியான மார்க் 2 வகையில், தட்டின் அடிப்புறத்தில் காந்தம், கீழே அசையாத கம்பிச் சுருள்கள். தட்டே மோட்டாரின் ஓர் உறுப்பு. வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் ஒன்று இடைவிடாமல் சரிபார்க்கிறது. தேய வேண்டிய ரப்பர் எதுவுமில்லை. நிறுவனம் அறிவித்த வேக ஊசலாட்டம் 0.025 விழுக்காடு. அது ஒரு சுரத்தான இடைவெளியில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

இன்னொரு நன்மையும் உண்டு. 50 சுழற்சி மின்சாரத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1500 சுற்றுச் சுற்றும் பழைய மோட்டாரின் நடுக்கம் விநாடிக்கு 25 அதிர்வு. அது காதுக்கு எட்டும் உறுமல். நேரடி இயக்க மோட்டார் விநாடிக்கு ஏறத்தாழ அரைச் சுற்றுதான் சுற்றுகிறது. அது எந்தக் காதுக்கும் எட்டாது.

வானொலி நிலையங்கள் இதை விரும்பியதற்குக் காரணம், பொத்தானைத் தொட்டதும் தட்டு முழுவேகம் பெற்றுவிடும் என்பதே. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி இளைஞர்கள் இதே வலிமையைக் கொண்டு தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து ஒரு புதிய இசையையே உண்டாக்கினார்கள். அவர்களுடையதும் தெருவில் பிறந்த ஒரு ரெக்கார்டு டான்ஸ்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இந்த வரிசையில் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டவை விற்றன. 2010இல் உற்பத்தி நின்று, 2016இல் மீண்டும் தொடங்கியது.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த 1991க்கு முந்தைய இந்தியாவில் இவை கடைவழியாக வருவது அரிது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்களின் பெட்டிகளில் வந்தன. கீழக்கரையிலும் இளையான்குடியிலும் சபராளிகள் என்று சொல்லப்படும் பயணக்காரர்களின் வீடுகளில் ஒலிநாடாப் பெட்டிகளோடு டர்ன்டேபிளும் இறங்கியதுண்டு. அதற்குள் ஒலிநாடா நாட்டை வென்றுவிட்டது. டர்ன்டேபிள்கள் பரணுக்குச் சென்று, பின்னர் காயலான் கடைக்குச் சென்றன.

இன்று மதுரையில் அப்படியொன்றைக் கண்டெடுப்பவர் முதலில் பார்க்கவேண்டியது பின்புறத்தில் எழுதியுள்ள மின்னழுத்தம். ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்தவை 100 வோல்ட்டுக்கானவை, அமெரிக்காவுக்கென்று செய்தவை 120 வோல்ட். அவற்றை நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அதன் ஆயுள் அந்த நொடியோடு முடியும். தனி மின்மாற்றி வாங்கவேண்டும். அடுத்து ஊசி தாங்கும் கை. அதன் எடையைச் சமன்செய்து அந்தரத்தில் மிதக்கவிட்டு மெல்ல ஊதினால் தயக்கமின்றி நகரவேண்டும். விரலால் தொட்டால் மூட்டில் ஆட்டம் இருக்கக்கூடாது. நடனக் கூடங்களில் உழைத்துவந்தவற்றில் இந்த மூட்டே முதலில் தளரும். மோட்டார் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். நடுத்தண்டில் இரண்டொரு சொட்டு எண்ணெய் போதும். நம் ஊர் வெப்பத்தில் உலர்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றுவதும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுக்கோலின் தொடுமுனைகளைத் துடைப்பதும், விட்டுப்போன ஈயப்பற்றுகளைப் புதுப்பிப்பதும் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர் ஒரு பகலில் முடிக்கக்கூடிய வேலை. என்னுடையதை அப்படிச் சீராக்கித் தந்தவர் இசைத்தட்டு ஓடிய காலத்தில் தொழில் கற்றவர். இத்தகையோர் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.

தட்டைத் துடைப்பதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பிற்கால வினைல் தட்டுக்குப் பயன்படும் ஆல்கஹால் கலந்த திரவம் அரக்குத் தட்டுக்கு நஞ்சு. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தே மரத்துக்கு மெருகேற்றுகிறார்கள் என்பதை நினைவுகூர்ந்தால் காரணம் விளங்கும். ஊசியும் வேறு. வினைலின் நுண்வரிக்கான ஊசிமுனையைப் போல நான்கு மடங்கு பருமனுள்ள, 70 மைக்ரான் அளவிலான முனை 78க்கு வேண்டும். நுண்ணூசி அகன்ற வரியின் அடியில் கிடக்கும் புழுதியைத்தான் படிக்கும்.

இனி அதிர்வு. டர்ன்டேபிளின் ஊசிக்குப் பாட்டு எது, பூமி எது என்று தெரியாது. வரியின் அசைவையும் தரையின் அசைவையும் அது ஒன்றாகவே படிக்கிறது. வெளிவீதியில் திரும்பும் பேருந்தும் மாடியில் ஓடும் குழந்தையும் கிட்டப்பாவோடு சேர்ந்து பதிவாகிவிடுவர். எனவே தாங்கும் இடம் முக்கியம். மண்மீது நேராக அமைந்த தரைத்தளமே உத்தமம். மாடியில் வைக்க நேர்ந்தால் அறையின் நடுவே வைக்காமல், எடை தாங்கும் சுவரில் பதித்த கடப்பைக்கல் தட்டில் வைக்கலாம். மரக்கட்டைமேல் ஒட்டுப்போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் நடக்கும்போதே தளம் ஊஞ்சலாடும் என்பதால் சுவரே கதி.

கனமான கல்லின்கீழ் ரப்பர் வைப்பது நல்ல உபாயம். ஆனால் எந்த ரப்பரும் உதவும் என்பது தவறான நம்பிக்கை. மெத்தென்ற தாங்கி ஒவ்வொன்றுக்கும் சொந்த அதிர்வெண் உண்டு. அதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளையே அது குறைக்கும், தனக்கு நிகரானவற்றைப் பெருக்கிவிடும். ஊசியும் கையும் சேர்ந்து இயல்பாகவே விநாடிக்கு 8 முதல் 12 அதிர்வில் ஆடக்கூடியவை. தாங்கியும் அதே அளவில் ஆடினால் நோய்க்குத் தந்த மருந்தே நோயாகிவிடும். மேலே கனமும் கீழே மென்மையும் கூடக்கூட இந்த எண் இறங்கும். இறங்கினால்தான் பயன். ஒலிபெருக்கிகளை அதே தாங்கியில் வைக்கக்கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அரக்குத் தட்டுக்கு மட்டும் இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. 78 தட்டில் ஒலி பக்கவாட்டில் மட்டுமே வெட்டப்பட்டுள்ளது. மேல்கீழ் அசைவு எதுவாயினும் அது தூசி, நெளிவு, தரை இவற்றின் கைங்கரியம். ஸ்டீரியோ ஊசியால் இரு தடங்களாகப் பதிந்து, பின்னர் இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் மேல்கீழ் அசைவின் ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். எனினும் முதலில் இரு தடங்களையும் தனித்தனியே காத்துவைப்பது நல்லது. வரியின் ஒரு சுவர் தேய்ந்து மறுசுவர் பிழைத்திருக்கும் தட்டுகள் பல.

இவ்வளவும் எதற்காக என்பதற்கு இப்போது வரலாம். எஸ்எல்-1200இன் பழைய வகைகளில் பெரும்பாலானவற்றில் 78 வேகமே கிடையாது, 33⅓ம் 45ம்தான் உண்டு. 2016க்குப் பிந்தைய வகைகளில் 78 உண்டு. ஆனால் அது தடையன்று. தட்டை 45இல் ஓட்டிப் பதிந்து, கணினியில் வேகத்தை உயர்த்திக்கொள்ளலாம். 78 வேண்டுமானால் 1.733 மடங்கு, 74 வேண்டுமானால் 1.644 மடங்கு. தாழ்-உயர் ஒலிகளின் சமன்செய்தலை மட்டும் வேகத்தைத் திருத்திய பிறகே செய்யவேண்டும். இங்கே நேரடி இயக்கத்தின் பெருமை, அது சரியான வேகத்தில் ஓடுகிறது என்பதில் இல்லை. முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடிவரை ஒரே வேகத்தில் ஓடுகிறது என்பதில் இருக்கிறது. மாறாத பிழையை ஓர் எண்ணால் பெருக்கித் திருத்திவிடலாம். தளரும் வில்லும் வழுக்கும் ரப்பரும் தந்த மாறும் பிழையை அப்படி ஓர் எண்ணால் திருத்த வழியில்லை.

சரி, அந்த எண் எது? இங்குதான் பதிப்பாசிரியரின் வேலை தொடங்குகிறது. நாடகத் தட்டுகளில் பக்கவாத்தியமாக ஆர்மோனியம் இருக்கும். அதன் ரீடுகள் பாடகரின் மனநிலைக்கேற்ப ஏறி இறங்குவதில்லை. எல்லா ஆர்மோனியங்களும் ஒரே அளவில் சுதி சேர்க்கப்பட்டவை அல்ல என்றாலும், தட்டில் கேட்கும் ஆர்மோனியம் இரண்டு ரீடுகளுக்கு நடுவில் தொங்கினால் வேகத்தில் பிழை என்பதற்கு அது முதற்குறிப்பு. ஒரு பாட்டு இரு பக்கங்களில் தொடர்ந்தால், முதற்பக்க முடிவின் ஆதார சட்ஜமும் மறுபக்கத் தொடக்கத்தின் சட்ஜமும் ஒன்றாகவேண்டும். இன்னொரு சான்று திரைப்படம். படச்சுருள் விநாடிக்கு 24 படம் என்ற கட்டில் ஓடுவது. 1938இல் 'சேவாசதன'த்தில் தொடங்கிய எம்.எஸ்.ஸின் படங்களையும், 1935இல் 'நந்தனா'ரில் தொடங்கிய கே.பி. சுந்தராம்பாளின் படங்களையும் அவர்களின் சமகாலத் தட்டுகளோடு ஒப்பிடலாம். கிட்டப்பாவுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் சுந்தராம்பாள் அவருடைய துணைவி, மேடைத்துணை. மதுரையையும் அதன் சுற்றூர்களையும் மையமாகக் கொண்டு இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களில், 'வள்ளி திருமண'த்தை உயர்சுருதியில் பாடும் நடிகரும் அவரருகில் ஆர்மோனியக்காரரும் இருக்கிறார்கள். மனிதக் குரல் இரவு முழுவதும் எந்தக் கட்டையில் நின்று பாடமுடியும் என்பதற்கு அவர்களைவிட நல்ல சாட்சி யார்?

கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்த அச்சு நூல்கள் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக உருப்பெற்றன. பாட்டுப் புத்தகங்களின் சொற்கள் அதுபோன்ற முயற்சிகளால் பிழைத்தன. குரல்களுக்கு அந்த நல்வாய்ப்பு சிதறலாகவே வாய்த்திருக்கிறது. தனி ஆர்வலர்கள் தம் செலவில் தட்டுகளைத் தேடி, கணினிக்கு மாற்றி, எல்லாருக்கும் வழங்குகிறார்கள். அவர்களுக்குத் தமிழுலகம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அக்கோப்புகளில் பெரும்பாலானவற்றில் எந்தக் கருவி, எந்த வேகம், எந்த ஊசி, பின்னர் என்ன திருத்தம் என்ற குறிப்பு இல்லை. தட்டு ஒருநாள் உடையும். அரக்குக்கு அதுவே விதி. அன்றுமுதல் அந்தக் கோப்பே மூலமாகிவிடும். அதிலிருந்து படியெடுத்தவர்கள் அரைக் கட்டைப் பிழையையும் சேர்த்தே படியெடுப்பார்கள். நாளை ஓர் இளம் ஆய்வாளர் அதைக் கேட்டு, கிட்டப்பாவின் சுருதியைக் கணக்கிட்டு, மைக்கின் வரவால் தமிழ்க்குரல் இத்தனை கட்டை இறங்கியது என்று ஆய்வேடு எழுதுவார்.

ஒரு சுவடியை அச்சேற்றியவர் அது எங்கே கிடைத்தது, எத்தனை ஏடு சிதைந்திருந்தது, எவ்விடத்தில் தாம் ஊகித்தார் என்று முன்னுரையில் எழுதிவைத்தார். அதனால்தான் அவருடைய பிழையையும் பின்வந்தவர்களால் திருத்த முடிந்தது. இசைத்தட்டை மாற்றுகிறவர்களும் நான்கு வரி எழுதிவைத்தால் போதும். திருத்தாத மூலப்பதிவு ஒன்றைத் தனியே வைத்திருந்தால் இன்னும் நல்லது. வேகத்தின் எண்ணைக் குறித்துவைக்க இடமும் செலவும் ஆவதில்லை. அந்த எண் இருந்தால் கிட்டப்பாவின் கட்டையைப் பற்றி நாம் வாதிடலாம். இல்லாவிட்டால் நாம் வாதிடுவது யாரோ ஒருவருடைய மோட்டாரைப் பற்றித்தான்.